உறக்கமும் உத்தியோகமும்

"நேற்றிரவு நான்கு மணி நேரந்தான் உறங்கினேன்" என்று ஒருவர் கூறும்போது, அக்கூற்றில் முறைப்பாட்டிலும் பெருமிதமே மிகுந்து ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வழக்குக் கட்டுகளோடு வைகறையைக் காணும் வழக்கறிஞரும், வைத்தியசாலை விடுதியில் இரவைக் கழிக்கும் வைத்தியரும், ஆண்டிறுதிக் கணக்குகளை முடிக்கும் கணக்காளரும், விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியரும் இவ்வாறு பேசுதல் வழக்கமாயிற்று. துயிலைக் குறைத்தல் உழைப்பின் சின்னமாகவும், துயிலை நாடுதல் சோம்பலின் சின்னமாகவும் எண்ணப்படுகின்றன. மடியின்மை என்னும் அதிகாரத்திலே, கெட்டொழியும் இயல்பினர் விரும்பும் நான்கினுள் துயிலையும் ஒன்றாக வள்ளுவப் பெருந்தகை வைத்தார் என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். ஆயின் அவர் கடிந்தது மடிமையோடும் மறதியோடும் காலந்தாழ்த்துதலோடும் கூடிய துயிலையேயன்றி, உழைத்துக் களைத்தவன் கொள்ளும் துயிலை அன்று.

அலுவல் மிக்க ஒருவர் தம் கடமையைப் பழுதின்றிச் செய்வதற்கு எத்துணை நேரம் உறங்குதல் வேண்டும்? இவ்வினா வைத்திய நூலாருக்கு உரியதெனத் தோன்றும். எனினும், இதற்கு விடை கூறியவர் யாவர், எவர் பொருட்டுக் கூறினர், எவரை மறந்து கூறினர் என்று ஆராயப் புகுவோமாயின், நாம் வரலாற்றின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றோம். அவ்வரலாற்றின் சில பகுதிகளையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

விளக்கொளி அரிதாயிருந்த காலத்தில் இரவு என்பது உழைப்புக்கு இயற்கை இட்ட அணையாக விளங்கிற்று. உழவனும் கம்மியனும் பொழுது சாய்ந்தபின் செய்தற்குரிய வேலை சிலவே. எண்ணெயும் மெழுகும் விலையுயர்ந்த பொருள்களாதலின், செல்வரல்லாதார் இருளையே உறக்கத்திற்குரிய அழைப்பாகக் கொண்டனர். மேலை ஐரோப்பாவின் பழைய ஏடுகளையும் நீதிமன்றப் பதிவுகளையும் நாட்குறிப்புகளையும் துருவி ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் றொஜர் எக்கேர்ச் என்பார், அந்நாளைய மக்கள் இரவை இரு கூறாக்கி உறங்கினர் எனக் காட்டியுள்ளார். 2001 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாகவும் 2005 ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் அவர் வெளியிட்ட கருத்தின்படி, முதலுறக்கம் நள்ளிரவளவில் கலையும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ மக்கள் விழித்திருந்து வழிபாடும் உரையாடலும் சிறு வேலைகளும் செய்வர். பின்னர் இரண்டாம் உறக்கம் கொள்வர். இவ்வழக்கம் உலகெங்கும் நிலவியதோ என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், உறங்கும் முறையும் காலத்தோடு மாறும் என்னும் உண்மையை அவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வணை உடைந்தது. 1807 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பால் மால் வீதியில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அதற்கு முன்னரே இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் சிலவற்றில் அவ்வொளி புகுந்துவிட்டது. இருள் வேலையை நிறுத்திய காலம் போய், முதலாளி விளக்கை அணைக்கும் வரை வேலை நீளும் காலம் வந்தது. 1879 ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் நெடுநேரம் எரியும் மின்விளக்கினை ஆக்கினார். 1882 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துப் பேள் வீதி மின்னிலையத்திலிருந்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்னொளி செல்லலாயிற்று. உறக்கத்திற் பெரும்பகுதி வீண் என்பதே எடிசனின் கொள்கை. தாம் இரவில் நான்கைந்து மணி நேரமே உறங்குவதாக அவர் பறைசாற்றினார். ஆயின் அவருடைய ஆய்வுகூடத்து நூலகத்திலே ஒரு சிறு கட்டில் கிடந்தது. பகலில் அவர் அடிக்கடி கண்ணயர்ந்தார் என்பதற்குப் புகைப்படங்களே சாட்சி கூறுகின்றன. அவர் சொல்லை உலகம் நினைவில் இருத்திற்று, கட்டிலை மறந்தது.

தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் உழைத்தவருக்கு உறக்கம் பெருமைக்குரிய பேச்சாக இருக்கவில்லை. பறிபோன பொருளாக இருந்தது. 1833 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிலே பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரவில் வேலை செய்வதைத் தடுத்தது. ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமே வேலை என்றும் வரையறுத்தது. இன்று அது கொடுமையாகத் தோன்றும். அன்று அது பெரும் வெற்றி. ஆலை முதலாளியாயிருந்தும் ஆலைத் தொழிலாளர்க்காகப் பரிந்துபேசிய றொபேட் ஓவன் என்பார், நாளை மூன்று சமபங்காக்கி, எட்டு மணி நேரம் உழைப்புக்கும், எட்டு மணி நேரம் பொழுதுபோக்குக்கும், எட்டு மணி நேரம் ஓய்வுக்கும் உரியதாதல் வேண்டும் என்னும் கோரிக்கையை 1817 ஆம் ஆண்டளவில் எழுப்பினார்.

எட்டு மணி நேர உறக்கம் என்னும் வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். ஓவன் காலத்தில் உறக்கத்தை அளந்தறிய எக்கருவியும் இருந்ததில்லை. எந்த வைத்தியரும் ஆய்ந்து அந்த எண்ணைத் தரவில்லை. இருபத்து நான்கை மூன்றாற் பிரித்தால் எட்டு வரும். நீதியுணர்வு செய்த அந்தப் பங்கீடே அது. அதன் பொருட்டு மக்கள் போராடினர். 1856 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரப் பல்கலைக்கழகக் கட்டட வேலையிலிருந்த கற்றச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகச் சென்றனர். கூலி குறையாமலே எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றனர். 1886 ஆம் ஆண்டு மே மாதத்தில் சிக்காகோவிலே அதே கோரிக்கையோடு எழுந்த போராட்டம் குருதியில் முடிந்தது; மே தினம் அதன் நினைவாகவே கொண்டாடப்படுகின்றது. 1919 ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு நிறைவேற்றிய முதலாவது சமவாயம், கைத்தொழில் துறையில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் எல்லையை வகுத்தது. நமது நாட்டிலும் 1954 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமும் வேலைக்குரியன என விதித்தது.

இவ்வாறு தொழிலாளியின் இரவு மெல்ல மெல்ல அவனுக்கு மீண்டது. ஆனால் 1919 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் இரண்டாம் பிரிவைப் படிப்போர் ஒரு விலக்கைக் காண்பர். மேற்பார்வைப் பதவியிலும் முகாமைப் பதவியிலும் இருப்போருக்கும், நம்பிக்கைக்குரிய அந்தரங்கப் பணியில் அமர்ந்தோருக்கும் அவ்வெல்லை பொருந்தாது என அது கூறுகின்றது. கல்வியும் பொறுப்பும் உடையவர் தம் நேரத்தைத் தாமே காத்துக்கொள்வர், அவருக்குச் சட்டத்தின் துணை வேண்டியதில்லை என்னும் எண்ணமே அதன் அடியில் இருந்தது எனலாம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை வைத்தியர் வரலாறு காட்டும்.

1889 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே சத்திரசிகிச்சைத் துறைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பார், இளம் வைத்தியர்களைப் பயிற்றுதற்கு ஒரு புதிய முறையை வகுத்தார். அம்முறைப்படி அவர்கள் வைத்தியசாலையிலேயே உறைந்து, பகலென்றும் இரவென்றும் பாராது நோயாளர் பக்கல் நிற்றல் வேண்டும். உறைவிட வைத்தியர் என்னும் பெயரும் இதனையே குறிக்கும். அந்த முறை திறமைமிக்க சத்திரசிகிச்சையாளர் பலரை உருவாக்கியது, நாடெங்கும் பரவியது. ஹால்ஸ்ரெட்டோ, உணர்ச்சியை மரக்கச் செய்யும் மருந்தாகக் கொக்கெயினை ஆராயத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்து, அதற்கு அடிமையானவர். பின்னர் மோர்பீனுக்கும் அடிமையாகி, அந்நிலையிலேயே தம் வாழ்நாளைக் கழித்தவர். 1922 ஆம் ஆண்டில் அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. மேதையாகிய அவரை இழித்துரைப்பதற்காக இதனைக் கூறவில்லை. இளையோர்க்கு அளவுகோலாக நிறுத்தப்பெற்ற மனிதரின் வாழ்வே இயல்பானதாக இருந்ததில்லை என்பதைக் கருதும் பொருட்டே கூறுகின்றேன்.

இதனிடையே உறக்கத்தை அளந்தறியும் அறிவியல் பிறந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நதானியேல் கிளைற்மன், 1938 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் புறூஸ் றிச்சேட்சன் என்னும் இளைஞரோடு கென்ரக்கி மாநிலத்து மாமத் குகையினுள் புகுந்தார். ஞாயிற்றின் ஒளி எட்டாத அவ்விடத்தில் இருவரும் 32 நாள்கள் தங்கி, நாளுக்கு 28 மணி நேரமாகக் காலத்தை வகுத்து வாழ முயன்றனர். இளைஞர் அவ்வொழுங்குக்கு இணங்கினார். கிளைற்மனுடைய உடலோ 24 மணி நேர ஒழுங்கை விடாது பற்றி நின்றது. வெளியுலகின் ஒளியின்றியும் உடல் தனக்கெனத் தாளமொன்று கொண்டியங்கும் என்பதற்கு அஃது ஓர் ஆரம்பச் சான்று. 1953 ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணவர் யூஜீன் அசெரின்ஸ்கியும், உறங்குவோரின் கண்கள் இரவிற் சில வேளைகளில் விரைந்து அசைவதையும், அவ்வேளைகள் கனவோடு தொடர்புடையன என்பதையும் வெளியிட்டனர். அன்று முதல் உறக்கம் வெறும் ஓய்வென்னும் கருத்துத் தளர்ந்தது. உறங்கும் மூளையும் தனக்குரிய தொழிலைச் செய்கின்றது என்பது தெளிவாயிற்று. உடலின் அகக் கடிகாரம் அணுத்திரளளவில் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹோல், றொஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

ஆய்வுகூடம் இவ்வாறு முன்னேறியபோதும் வைத்தியசாலை பழைய வழியிலேயே சென்றுகொண்டிருந்தது. 1984 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லிபி சயன் என்னும் பதினெட்டு வயது மாணவி காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் நியூயோர்க் நகரத்துப் போதனா வைத்தியசாலை ஒன்றில் இரவில் அனுமதிக்கப்பட்டாள்; மறுநாட் காலையில் இறந்தாள். அவளைப் பார்த்த இளம் வைத்தியர்கள் நீண்ட நேரமாகப் பணியில் இருந்தவர்கள்; அவருள் ஒருவர் அவ்விரவு வேறும் பல நோயாளரைக் கவனிக்க வேண்டியவராயிருந்தார். அவளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து, அவள் முன்னமே உட்கொண்டு வந்த மருந்தோடு ஒவ்வாதது. மரணத்திற்குக் காரணம் யாதென்பது நீதிமன்றத்திலே நெடுங்காலம் வழக்காடப்பட்டது. அதனை முழுவதும் உறக்கக் குறைவின்மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. ஆயினும், பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயன் எழுப்பிய குரல் அடங்கவில்லை. 1986 ஆம் ஆண்டில் விசாரித்த பெருஞ்சான்றாயம், வைத்தியர்மேற் குற்றவழக்குத் தொடராது, அவர்களை அவ்வாறு உழைக்கவைத்த முறையைக் கண்டித்தது. அதன் பின் அமைந்த குழுவின் பரிந்துரையால், உறைவிட வைத்தியர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்கு மேலும் பணிசெய்தல் ஆகாது என்னும் விதி 1989 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. 2003 ஆம் ஆண்டில் 80 மணி நேர எல்லை அமெரிக்கா முழுவதற்கும் உரியதாயிற்று.

எண்பது மணி நேரம் என்பதைச் சலுகை எனக் கொண்டாட வேண்டிய நிலை இருந்தமை, முந்திய நிலை எத்தன்மையது என்பதை உணர்த்தும். அவ்விதியையும் மூத்த வைத்தியர் பலர் எதிர்த்தனர். "நாங்கள் அவ்வாறு உழைத்தே கற்றோம், எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை" என்பதே அவர்கள் வாதம். அந்த வாதத்தின் வேரையே அறுக்கும் ஆராய்ச்சியொன்று அதே 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் டொங்கன், டிங்கஸ் முதலியோர், உடல்நலம் வாய்ந்த 48 பேரை ஆய்வுகூடத்தில் தங்கவைத்துக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் மூன்று இரவுகள் கண் விழித்திருந்தனர். ஏனைய குழுவினர்க்குப் பதினான்கு நாள்கள் முறையே இரவுக்கு 4, 6, 8 மணி நேரம் படுக்கைக்கு விடப்பட்டது. ஒளிக்குறி தோன்றியவுடன் பொத்தானை அழுத்துதல் போன்ற எளிய சோதனைகளால் அவர்தம் கவனம் நாள்தோறும் அளக்கப்பட்டது. எட்டு மணி நேரம் பெற்றவர்களிடம் பெரும் மாற்றமில்லை. ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் பெற்றவர்களின் கவனமோ நாளுக்கு நாள் தளர்ந்தது. இரண்டு வாரங்களின் முடிவில், ஓரிரவோ ஈரிரவோ முற்றாக விழித்திருந்தவரின் நிலைக்கு அவர்களும் தாழ்ந்திருந்தனர்.

இதனினும் கருத்தைக் கவர்வது மற்றொரு முடிவு. எவ்வளவு தூக்கக் கலக்கம் உள்ளது என்று அவர்களையே கேட்டபோது, முதற் சில நாள்களில் உயர்ந்த அளவைக் கூறியவர்கள், பின்னர் பெரிய மாற்றமில்லை என்றே கூறினர். தளர்ச்சி ஏறிக்கொண்டே சென்றது. அதனை உணரும் உணர்வு ஏறவில்லை. ஒருவர் "எனக்குப் பழகிவிட்டது" என்று கூறும்போது பழகியது களைப்பின் உணர்ச்சியேயன்றிக் களைப்பன்று. எந்த மூளையைக் கொண்டு தம் நிலையை மதிப்பிட வேண்டுமோ, அந்த மூளையே தளர்ந்துள்ளது. மதுவருந்தியவர் தாம் தெளிவாகவே வண்டியோட்டுவதாகச் சொல்வதை எவரும் ஏற்பதில்லை. அவுஸ்திரேலியாவில் 1997 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வோ, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன் குருதியில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்க்கு அவ்வெல்லை இரவு பத்து மணிக்கே வந்துவிடுகின்றது.

வைத்தியசாலையிலும் இஃது உறுதியாயிற்று. 2004 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து ஆய்வாளர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிசெய்த பயிற்சி வைத்தியரை இருவகை நேர ஒழுங்குகளில் அமர்த்தி ஒப்புநோக்கினர். 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய ஒழுங்கில், குறுகிய ஒழுங்கிலும் பார்க்கக் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அளவுக்கு மிகுந்திருந்தன. ஆயினும் விதிகள் அத்தோடு நிலைபெற்றுவிடவில்லை. முதலாண்டு வைத்தியர்க்கு 2011 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட 16 மணி நேர எல்லை 2017 ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது. ஒரு வைத்தியர் சென்று மற்றொருவர் வரும்போது நோயாளரைப் பற்றிய செய்தி முழுமையாகக் கைமாறாமற் போவதும் ஆபத்தே என்று வாதிக்கப்பட்டது; அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ, 2003 ஆம் ஆண்டுக் கட்டளையின் வழி, வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்னும் எல்லையைப் பயிற்சி வைத்தியருக்கும் படிப்படியாக விரித்தது. விமானிகளுக்கு ஒவ்வொரு பறப்புப் பணிக்கு முன்னும் 10 மணி நேர ஓய்வும், அதனுள் 8 மணி நேரம் இடையூறின்றி உறங்கும் வாய்ப்பும் வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் 2014 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இனி, நாம் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆராய்ச்சிச் சங்கமும், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, 18 முதல் 60 வயது வரையுள்ளோர் நாள்தோறும் ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்குதல் வேண்டும் என ஒருமுகமாக அறிவித்தன. இளையோர்க்கும், உறக்கக் கடன் உள்ளோர்க்கும், நோயுற்றோர்க்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படலாம். மரபணு வேறுபாட்டால் ஆறு மணி நேரத்தோடு நலமாய் வாழ்வோர் சிலர் உளர் என 2009 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவர்கள் அரிதினும் அரியர். நான்கு மணி நேரம் போதும் என்போர் பலரும் தம்மை அவ்வரியோருள் வைத்தெண்ணுகின்றனர். மேலே கூறிய ஆராய்ச்சியின்படி, தம் தளர்ச்சியைத் தாமே அளக்க அவர்களால் இயலாது.

நோக்குமின்: நீதியுணர்வால் எட்டெனப் பங்கிட்ட கற்றச்சர்களும், கருவிகளால் அளந்து ஏழுக்கு மேல் என்று கூறிய அறிஞர்களும் ஏறத்தாழ ஒரே இடத்தை வந்தடைந்துள்ளனர். தவறியவர் இடையில் நின்ற நாமே. படித்தவர், பொறுப்புடையவர், எமக்கு எல்லை வேண்டியதில்லை என்று எண்ணிய உத்தியோக வகுப்பினரே. தொழிலாளி தன் உறக்கத்தைத் தன் நலத்தின் பொருட்டுக் கேட்டான். வைத்தியரும் நீதிபதியும் ஆசிரியரும் அதிகாரியும் தம் உறக்கத்தைத் தம்மை நம்பியிருப்போர் நலத்தின் பொருட்டுக் காத்தல் வேண்டும். களைத்த கை எழுதும் மருந்துச் சீட்டும், களைத்த கண் இடும் புள்ளியும், களைத்த மனம் இடும் கையொப்பமும் பிறர் வாழ்வில் அன்றோ சென்று தைக்கின்றன!

ஆதலின் உறக்கத்தைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடாது, பணியொழுங்கின் ஒரு பகுதியாக ஆக்குதல் அறிவுடைமையாம். கடமைப் பட்டியலை வகுக்கும் தலைவர்கள், இரவுப் பணி முடித்தவரை மறுநாட் காலையிலும் இருத்திவைக்கலாகாது. விடைத்தாள்களைப் பகிர்ந்தளிப்போர் நாள்களையும் எண்ணிப் பார்த்தளித்தல் வேண்டும். நள்ளிரவு வரை விழித்திருந்ததை நமது மாணவர் முன் வீரமாகப் பேசும் வழக்கத்தைப் பெரியோர் கைவிடுதல் வேண்டும். ஏனெனில் அவர்கள் நம் அறிவுரையினும் நம் பெருமிதத்தையே விரைந்து கற்றுக்கொள்கின்றனர். உறங்கி எழுந்து தெளிந்த மனத்தோடு கடமைக்குச் செல்பவர், அக்கடமையின் முதற்பகுதியை முன்னைய இரவிலேயே நிறைவேற்றிவிட்டார் என்று நாம் கருதப் பழகுவோமாக.